தாளம் யார் கையில்?

கேள்வி: சர்க்கஸ் வித்தைக்குச் சங்கீதம் எழுத ஒரு மேதை எதற்கு? டமாரம் போதாதா?

பதில்: கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1946-ல் பிறந்து, பித்தளை வாத்தியக் கோஷ்டியோடு தெருத்தெருவாக ஊதித் திரிந்து, 1984-ல் தோன்றிய 'சர்க் து சொலேய்' என்னும் மிருகங்களில்லாத சர்க்கஸின் ஆரம்பகாலத்திலேயே அதற்கு இசையமைக்கப் புகுந்து, 1994-ல் 'அலெக்ரியா'வினால் உலகப் பிரசித்தி பெற்ற ரெனே டுப்பெரேயின் ஜீவிதத்தைப் பார்த்தால், டமாரம் போதாதென்பது விளங்கும். சினிமாவுக்கு இசை எழுதுகிறவர், எடுத்து முடிந்த காட்சியை நிதானமாக அளந்து எழுதலாம். கூடாரத்திலோ, உயரத்தில் ஊஞ்சற்கட்டையைப் பற்றி நிற்பவன் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துச் சுண்ணப்பொடி தடவி, மூச்சை அடக்கித் தயாராகும்வரை, வாத்தியக்காரர்கள் கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு அதே நாலு ஆவர்த்தனத்தைச் சுழற்றிக்கொண்டிருந்து, அவன் தாவுகிற க்ஷணத்தில் தாமும் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட வேண்டும். எவ்விடத்திலும் நீளவும் நிற்கவும் இடங்கொடுத்து, ஆயினும் ஒட்டுப்போட்டது தெரியாதபடி அந்த இசையை நெய்வது எத்தனை அபூர்வமான கலை! கச்சேரியில் தாளம் பாடகரின் தொடையில் இருக்கிறது. இங்கே அது அந்தரத்தில் தொங்குகிறது.