முருங்கைக்காய் ஏலமும் மூன்றாவது வாங்கும்

ஞாயிறு ஆராதனைக்குப் பெண்கள் பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாகக் கோயிலுக்குள் வந்து இடப்பக்க வாங்குகளை நிரப்பும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அந்நாளில் உடுவில் பெடியள் பலருக்குப் பக்தி பெருகியது என்று சொன்னால், அந்த வயதைக் கடந்து வந்த எவரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள். குரல் உடைந்து கரகரத்துக்கொண்டிருந்த காலத்தில், பாடத் தெரியாத நான் பாடகர் குழுவில் போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான். ஆர்மோனியம் வாசித்த மாஸ்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "பாட்டுக்கோ வந்தனீர், பாடுற ஆக்களைப் பாக்கவோ?" என்று கேட்டார். "ரெண்டுக்கும்தான் சேர்" என்று சொல்லத் துணிவு வரவில்லை. பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், இன்னும் எழும்பவில்லை.

அரைகுறைக் காரணத்தோடு வந்து ஒட்டிக்கொள்வது எங்கள் சபைக்குப் புதிதுமல்ல. 1820இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலுக்கு வந்தார்கள். 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பெண்ணைப் படிக்க அனுப்பினால் ஊர் சிரிக்கும் என்றிருந்த காலத்தில், சோறு, உடுப்பு, கலியாணத்துக்குச் சீதனம் எல்லாம் பள்ளிக்கூடமே தரும் என்று சொல்லித்தான் பிள்ளை பிடித்தார்கள். சீதனம் என்ற சொல் காதில் விழுந்தபின் எந்த யாழ்ப்பாணத்துத் தகப்பன் அசையாமல் இருப்பான்? 1842இல் பொறுப்பேற்ற எலைசா அக்னியூ, கலியாணமே கட்டாமல், ஒருமுறைகூட அமெரிக்காவுக்குத் திரும்பாமல், 1879 வரை இந்தப் பிள்ளைகளை வளர்த்து, ஆயிரம் மகள்மாரின் தாய் என்று பெயரெடுத்தார். சோற்றுக்கும் சீதனத்துக்கும் வந்தவர்களே தங்கிவிட்டார்கள் என்றால் பாட்டுக்கு வந்த நான் எம்மாத்திரம்?

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. அவவின் சமயம் அடுப்படியில் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் இருந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பெட்டிக்குள் போடுவா. எனக்கு எரிச்சலாக இருக்கும். கூப்பன் அரிசிக் காலத்தில், எங்களுக்கே காணாத சோற்றில் சபைக்கு ஏன் பங்கு? மாத முடிவில் மாதர் சங்கத்து ஆச்சிமார் பிடியரிசி வாங்க வருவார்கள். அரிசி வாங்க எடுக்கும் நேரம் இரண்டு நிமிடம், இருந்து கதைக்கும் நேரம் இரண்டு மணித்தியாலம். ஊரில் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அந்தத் திண்ணையில் தீர்மானமாகி, அரிசி போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

அறுவடைப் பண்டிகை வந்தால் கோயில் வாசலே சுன்னாகம் சந்தையாகிவிடும். செம்மண் ஒட்டிய வெங்காயப் பிடிகள், கப்பல் வாழைக்குலை, காலில் கயிறு கட்டிய சேவல், எல்லாம் ஏலத்துக்கு. ஒரு கட்டு முருங்கைக்காய்க்கு இரண்டு பெரியப்பாமார் ரோசத்தில் விலையேற்றி, சந்தையில் ஒரு மூட்டையே வாங்கக்கூடிய காசைக் கொடுத்து, வென்றவர் வீட்டில் பெரியம்மாவிடம் வாங்கிய பேச்சு அடுத்த பண்டிகை வரைக்கும் போதுமானதாக இருக்கும். 1947இல் நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாகி, குலேந்திரன் பேராயரின் ஆழமான பிரசங்கங்களை எல்லாம் கேட்ட சபைதான். ஆனாலும் எனக்கு நினைவில் நிற்பது அந்த முருங்கைக்காய்தான்.

1990க்குப் பிறகு யுத்தத்தால் கரண்ட் இல்லை. நத்தார் கரோல் பாட இரவில் போகமுடியாமல், பட்டப்பகலில், மூன்று மணி வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு, அமைதியான இரவைப் பற்றிப் பாடிக்கொண்டு போனோம். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்த இரவில், அம்மா காணி உறுதியோடு அந்த ஓலைப்பெட்டியையும் எடுத்து வந்திருந்தா. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று கல் வைத்து உலை ஏற்றியபோதும் ஒரு பிடி பெட்டிக்குள் போனது. "ஆருக்கம்மா, சங்கம் எங்க, ஆச்சிமார் எங்க?" என்று கத்தினேன். "கிடக்கட்டும், ஆராவது வருவினம்" என்றா. அன்றிரவே பக்கத்து வகுப்பறைக்கு ஒரு கைக்குழந்தைக்காரி வந்திருந்தாள்.

மற்ற ஆண்டு திரும்பிவந்தபோது கோயிலில் வாங்குகளைவிட ஆட்கள் குறைவு. பிறகு அவர்களும் ஸ்காபரோ, லண்டன், மெல்பேர்ண் என்று பறந்துவிட்டார்கள். இப்போது நடுவழியில் முக்காலியில் நின்று கமரா அவர்களுக்கு ஆராதனை காட்டுகிறது. ஏலமும் வட்ஸ்அப்பில். கனடாக்காரர் ஒருவர் முருங்கைக்காயை டொலரில் எடுத்து, "அங்கயே ஆருக்கும் குடுத்துவிடுங்கோ" என்று குரற்பதிவு அனுப்புகிறார். அந்தக் காசில் கூரைக்கு ஓடு மாற்றினோம். அடுத்த வீட்டுப் பெரியப்பாவைத் தோற்கடிக்கும் சுகம் மட்டும் எந்த டொலருக்கும் வரவில்லை.

எனக்குள்ள கஷ்டம் வேறு. மூன்றாவது வாங்கில், மின்விசிறிக்கு நேர்கீழே, பிரசங்க நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்வேன். ஆராதனை முடிய முதலே ஸ்காபரோவிலிருந்து மச்சாள், அங்கே நடுச்சாமம், தான் நித்திரை முழித்திருந்து, என் நித்திரையைப் பற்றி முறைப்பாடு வைக்கிறா. கமராவுக்கு எட்டாத தூண் மறைவுக்கு இடம் மாறிப் பார்த்தேன். அன்று மத்தியானம் சோற்றில் கைவைக்க விடாமல் லண்டனிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் அழைப்பு: "அண்ணை, ஏன் இண்டைக்குக் கோயிலுக்கு வரேல்லை, பிரஷரோ?" குருவானவர் சிரித்துவிட்டு என்னைப் பழைய வாங்குக்கே அனுப்பிவிட்டார், பிரசங்கத்தைச் சுருக்கத்தான் இன்னும் உடன்படவில்லை.