கூரைமேல் குடை

மழைக்குப் பிடிப்பது, வெயிலுக்குப் பிடிப்பது, அரசனுக்குப் பிடிப்பது எனக் குடை மூவகைப்படும். நான்காவது வகை ஒன்று அமெரிக்க இல்லங்களில் வழங்குகிறது. அது கைப்பிடி அற்றது; காகிதத்தால் ஆனது; கூரைக்கும் மேலே விரிவது. அதன் பெயர் அம்ப்ரெல்லா பாலிசி. முன்னைய மூன்றும் தம்மை உடையவர்மேல் விழுவதைத் தடுப்பன. நான்காவதோ, உடையவரால் பிறருக்கு நேர்ந்த கேட்டுக்கு ஈடு தருவது. தன் வீட்டுக் கூரை ஒழுகினால் அதனால் ஒரு பயனும் இல்லை.

இக்குடைக்கு இரண்டு தூண்கள் உண்டு: வீட்டுக் காப்பீடு, கார் காப்பீடு. அவற்றின் பொறுப்பு வரம்பு தீருமிடத்தில் இது தொடங்கும். பெரும்பாலும் 10 லட்சம் டாலரில் தொடங்கி, அதே அளவுள்ள படிகளாக உயரும். தூண்களுக்கும் குறைந்தபட்ச உயரம் விதிக்கப்படும். வீட்டுக்கு 3,00,000 டாலர் என்பது பரவலான விதி.

தூணின் உயரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு வீட்டு நாய் தபால்காரரின் கெண்டைக்காலைக் கவ்விவிடுகிறது. அம்மாநில உரிமையியல் சட்டத்தின் 3342ஆம் பிரிவு, அந்த நாய் முன்பு யாரையேனும் கடித்ததுண்டா என்று பார்ப்பதில்லை; முதற்கடிக்கே உரிமையாளர் பொறுப்பு. ஈடு 9,00,000 டாலர் எனத் தீர்ப்பானால், வீட்டுக் காப்பீடு 3,00,000 தரும். எஞ்சிய 6,00,000 குடையின் பங்கு. பிரீமியத்தில் சிறிது மிச்சம் பிடிக்க எண்ணி உரிமையாளர் தம் வீட்டு வரம்பை இடையில் 1,00,000 ஆக்கியிருந்தால், குடை அதற்காகத் தாழ்ந்து வராது. நடுவே வெட்டவெளியாகக் கிடக்கும் 2,00,000 அவர் கையிலிருந்தே போகும். இத்துறையில் இதைவிடத் துயரமான பிழை வேறில்லை.

குடை தாழும் இடமும் உண்டு. பக்கத்து வீட்டார் எலுமிச்சம்பழம் திருடினார் என்று ஊரறியச் சொல்லி அவதூறு வழக்கில் சிக்கியவரை, வழக்கமான வீட்டுக் காப்பீடு கைவிடும். பல குடைகள் கைவிடா. உரிமையாளர் தம் பங்காக ஒரு சிறு தொகையைக் கட்டியதும் குடை தரைவரை இறங்கும். திருடவில்லை என்று தெரிந்தே சொன்னவருக்கு இறங்காது.

குழந்தைகள் ஏறித் துள்ளிக் குதிக்கும் டிராம்போலின் தனி ஆய்வுக்கு உரியது. ரயில் எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையில் விளையாடிய சிறுவனின் கால் நசுங்கிய வழக்கில், 1873இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரயில்வே நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. குழந்தைகளைக் கவர்ந்திழுக்கும் ஆபத்து என்னும் கோட்பாடு அங்கே வேர்விட்டது. டிராம்போலினும் நீச்சல் குளமும் இன்று அதன்கீழ் பேசப்படுகின்றன. விண்ணப்பப் படிவங்கள் டிராம்போலினைச் சுற்றி வலை உண்டா, குளத்தில் குதிபலகை உண்டா என்று கேட்பது வீண் விசாரணை அன்று.

இறுதியாக, நாயிடம் கடிபட்டவர் யார் என்னும் வினா. உடன் வாழும் உறவினரின் காயத்துக்குக் குடை பொதுவாக விரியாது; விருந்தினருக்கு விரியும். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் தங்க வந்திருக்கும் மாமியார் இவ்விரண்டில் எவ்வகை? தங்கிய காலமும் திரும்பிச் செல்லும் நோக்கமும் முதலில் ஆராயப்படும். அவருடைய புடவைகள் இன்னும் பெட்டியிலேயே இருந்தனவா, அலமாரிக்கு மாறிவிட்டனவா என்பதும் சான்றாகலாம்.