ஸ்டாப்வாட்ச் அப்பா

வேளச்சேரி நீச்சல்குளத்தின் கேலரியில் அவரைத் தேடவே வேண்டாம். மற்றவர்கள் பிள்ளை பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தும்போது, இவர் மட்டும் கட்டைவிரலைச் செல்போன் மேல் வைத்தபடி மூச்சடக்கிக் குனிந்திருப்பார். பலகையில் 1:04.87 என்று வரும். “தப்பு சார், நான் எடுத்ததுல 1:04.40” என்பார். சுவரில் மாட்டிய டச்பேடு பிழை செய்யலாம். அவர் விரல் செய்யாது.

இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஸ்டார்ட் ஒலி 50 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வந்துசேர ஏறத்தாழ 0.15 விநாடி ஆகும். கேட்டபின் விரல் அசைய இன்னொரு 0.2 விநாடி. மேசையில் கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் இவருடையது விழித்துக்கொள்கிறது. முடிவிலோ நேர்மாறு. பிள்ளையின் தலை சுவரை நெருங்குவதைப் பார்த்ததுமே, கை தொடுமுன் அமுக்கிவிடுவார். தொடக்கத்தில் தாமதம், கடைசியில் அவசரம். நடுவில் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட அரை விநாடி இலவசம். கையால் எடுத்த டைமிங் மின்னணு டைமிங்கைவிடக் குறைவாகவே வரும் என்பது போட்டி நடத்துகிறவர்களுக்குப் பழைய செய்தி. பக்கத்து லேன் பிள்ளைக்கு எடுக்கும்போது மட்டும் அதே விரல் கடைசியில் நிதானமாகிவிடும். அதற்கு இயற்பியலில் விளக்கம் கிடையாது.

நீச்சலே கடிகாரத்தோடு போடும் போட்டிதானே, டைமைப் பார்க்காமல் வேறெதைப் பார்ப்பது என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. 2021 ஜூனில் ரோமில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38-ல் முடித்து, ஒலிம்பிக் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதி நேரம் 1:56.48. பத்தில் ஒரு விநாடிதான் வித்தியாசம். அப்பாவின் விரல் ஒரு பந்தயத்தில் விடுகிற பிழை அதைவிடப் பெரிது. நேரம் அவ்வளவு முக்கியம் என்பதால்தான் அதை அவர் கையில் கொடுக்கக்கூடாது.

சரியாக எடுத்த நேரமும் தனியே நின்று நல்லது கெட்டது சொல்லாது. 25 மீட்டர் குளத்தில் நூறு மீட்டர் போக மூன்று முறை சுவரை உதைத்துக் கிளம்பலாம். 50 மீட்டர் குளத்தில் ஒரே முறை. அதனால் சின்னக் குளத்து நேரம் குறைவாகத்தான் இருக்கும். அப்பாவோ இரண்டையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு, “போன மாசத்தைவிட ஸ்லோ” என்று சிவப்பு அடிப்பார். இத்தாலிய வீரர் நிக்கோலோ மார்ட்டினெங்கி 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில், டோக்கியோ ஒலிம்பிக்கில் 58.33-க்கு வெண்கலம் வாங்கினார்; பாரீஸில் 59.03-க்குத் தங்கம். நம் ஆள் அங்கே இருந்திருந்தால், தங்கப் பதக்கத்தோடு இறங்கி வருகிறவரைப் பிடித்து, “மிச்ச 0.70 எங்கே போச்சு?” என்று கேட்டிருப்பார்.

ஒப்பிடாமல் பிள்ளை எப்படி முன்னேறும் என்பது அடுத்த கேள்வி. ஒப்பிடலாம்: அதே பிள்ளை, அதே ஸ்ட்ரோக், அதே நீளக் குளம், போன தடவை என்ன, இந்தத் தடவை என்ன. பதின்மூன்று வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் தோளுயரம்கூட இருக்கமாட்டான். இருவரும் ஒரே வயதுப் பிரிவு. அங்கே மூன்று விநாடி பின்தங்குவது சோம்பல் அல்ல, வளர்த்தி.

விடியுமுன் எழுந்து, ஸ்கூட்டரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்து, கொசுக்கடியில் இரண்டு மணிநேரம் காத்திருக்கிறவரும் இவர்தான். அதற்காக எத்தனை கிண்டலையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பொறுக்க முடிவதில்லை. சுவரைத் தொட்ட பிள்ளை கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பலகையைப் பார்க்காமல் முதலில் கேலரியைப் பார்க்கிறது. அப்பா முகத்தில் என்ன டைம் என்று தேடுகிறது. பத்து வயதில் அது வேண்டாத வேலை. ஐயா, டைமிங் எடுக்கக் கீழே ஆள் போட்டிருக்கிறார்கள். நீங்கள் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போங்கள்.