ஒன்றுக்கு எண்பத்தேழு

இந்திய அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். திருச்சியில் என் வீட்டு மாடியறையில், பிளைவுட் பலகைமேல் ஓடிக்கொண்டிருக்கும் இந்திய ரயில்வேயில் அதே இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பாக்கி 2.8 மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. வருகிற விருந்தாளிகளும் கேட்பதில்லை, அவர்கள் கேட்பது “இதுக்கெல்லாம் எவ்வளவு ஆச்சு?” என்பது மட்டும்தான். அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

விஷயம் இதுதான். மாடல் ரயில் உலகில் அதிகம் புழங்குகிற அளவுக்கு எச்ஓ என்று பெயர். அசலில் 87-ல் ஒரு பங்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஓடுகிற 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்காக 16.5 வரும். அவர்கள் ஊர் ரயிலுக்கு அவர்கள் போட்ட தண்டவாளம். நம்மூர் ஆள் பெட்டியையும் இன்ஜினையும் நம்மூர் அளவுக்குச் சரியாகச் செய்துவிட்டு, கொண்டுபோய் அந்நியன் தண்டவாளத்தில் ஏற்றுகிறான். நேர் எதிரே நின்று பார்த்தால் வைகை எக்ஸ்பிரஸ், பெண் பார்க்க வந்த இடத்தில் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அதனால் விருந்தாளிகளை எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்க வைப்பேன்.

ஆறுதலுக்கு இங்கிலாந்து இருக்கிறது. அந்த ஊர் இன்ஜின்கள் உடம்பில் சிறியவை. 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையாது. வெள்ளைக்காரன் யோசித்தான். இன்ஜினை 76-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கினான். தண்டவாளத்தை மட்டும் அப்படியே 16.5-ல் விட்டுவிட்டான். அதற்கு ஓஓ என்று பெயரும் வைத்து, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஒரு தேசமே ஒல்லித் தண்டவாளத்தில் குண்டு ரயிலை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பொறுக்கமாட்டாத சிலர் தனிக்குடித்தனம் போய், 18.83 மில்லிமீட்டரில் தாங்களே பாதை போட்டுக்கொள்கிறார்கள். கவனியுங்கள், 18.8 இல்லை, 18.83. அவர்களைப் பற்றிப் படித்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அகலத்தில் சொல்கிற பொய் மில்லிமீட்டர் கணக்கு என்றால், நீளத்தில் சொல்வது கிலோமீட்டர் கணக்கு. சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில்பாதை 490 கிலோமீட்டர் சொச்சம். 87-ஆல் வகுத்தாலும் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. எழும்பூரில் தொடங்கினால் பொம்மை மதுரை கோடம்பாக்கத்துப் பக்கம் வரும். சரி, ஊர் வேண்டாம், ஒரு வண்டியாவது? இந்தக் காலத்து எல்எச்பி பெட்டி ஒன்று என் அளவில் 27 சென்டிமீட்டர். இருபது பெட்டி கோத்தால் 5.4 மீட்டர், இன்ஜின் தனி. என் மேஜையில் அந்த வண்டியை விட்டால், இன்ஜின் ஒரு சுற்று வந்து கிட்டத்தட்டத் தன் கார்டு பெட்டிக்கே பின்னால் நிற்கும். ஆகையால் என் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு ஐந்தே பெட்டி. டிக்கெட் கிடைக்காததற்கு இங்கேயாவது நியாயமான காரணம் இருக்கிறது.

பாம்பன் பாலம் கட்டுவதாக ஒரு சமயம் கிளம்பினேன். அசல் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். என் அளவில் கிட்டத்தட்ட 24 மீட்டர். மாடியறையில் தொடங்கி, படியிறங்கி, பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தைத் தாண்டினால்தான் ராமேசுவரம் வரும். 1914-ஆம் வருஷத்துப் பழைய பாலத்தில் கப்பலுக்குத் திறந்துகொண்டிருந்ததே, அந்த ஷெர்சர் பகுதியை மட்டும் கட்டிக்கொண்டு மற்றதைக் கடலிடமே விட்டுவிடுவது உத்தமம்.

வளைவு இன்னும் மோசம். அகலப்பாதையில் அனுமதிக்கிற மிகக் கூர்மையான வளைவுக்கு ஆரம் 175 மீட்டர். என் மேஜையில் அது இரண்டு மீட்டராக இருக்க வேண்டும். வண்டி திரும்பி வரவே நாலு மீட்டர் அகலம் வேண்டும். நான் போட்டிருப்பது 18 அங்குல ஆரம். நிஜக் கணக்கில் நாற்பது மீட்டர். அசல் வண்டி அதில் திரும்பப் பார்த்தால் மறுநாள் பேப்பரில் வரும்.

இத்தனை பொய்களையும் மென்று விழுங்கிவிட்டு, ஒரு பெட்டியின் ஜன்னல் கம்பி அரை மில்லிமீட்டர் தடித்துவிட்டது என்று ராத்திரி பதினொரு மணிக்கு உப்புத்தாளோடு உட்காருகிறவன்தான் மாடல் ரயில்காரன். எந்தப் பொய்யை அனுமதிப்பது, எதை விடக்கூடாது என்பதற்குச் சட்டம் கிடையாது; அவனவன் மனசாட்சி. என் மனசாட்சி எதிர்வீட்டில் குடியிருக்கிறது.

எதிர்வீட்டு அண்ணன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்மலை என்றால் லேசுப்பட்ட இடம் இல்லை. நீலகிரி மலை ரயிலுக்குப் பல்சக்கர நீராவி இன்ஜின்களைப் புதிதாகவே கட்டிக்கொடுத்த பட்டறை. அதுவும் இந்த நூற்றாண்டில். அவர் மாடியேறி வந்தாலே எனக்கு அது ஜி.எம். இன்ஸ்பெக்‌ஷன்தான்.

“ஜல்லி எங்க தம்பி?” என்றார் முதல் நாளே. தண்டவாளத்தை நேராகப் பலகையில் ஆணியடித்திருந்தேன். “ஜல்லி இல்லாம வண்டி விட்டா பாதை நகரும்.”

“இது பொம்மைண்ணே, நகராது.”

“பொம்மைன்னா அப்புறம் எதுக்கு சிக்னல் வச்சிருக்க?”

ஜல்லி போட உட்கார்ந்தேன்.

ரயில்வே ஜல்லி 65 மில்லிமீட்டருக்குள் இருக்கும். எனக்கு முக்கால் மில்லிமீட்டர் போதும். ரவை பொருத்தமான அளவுதான், ஆனால் எறும்பு வரும். என் ரயில்வேயில் ஒரு கட்டெறும்பு என்பது முக்கால் மீட்டர் நீளமுள்ள பிராணி. ஆகவே மணல். கழுவி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, ஸ்பூனால் பாதைமேல் கொட்டி, பழைய பெயிண்ட் பிரஷால் ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டைக்கும் நடுவே தள்ளிவிட வேண்டும். பிறகு ஃபெவிகாலில் சரிபாதி தண்ணீர் விட்டு, இங்க் ஃபில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விட்டால் சொட்டு உள்ளே இறங்காது. முத்தாக உருண்டு, மணலையும் மேலே பூசிக்கொண்டு, தண்டவாளத்தின்மேல் ஏறி உட்காரும். பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி கலந்துவிட்டால் அந்தப் பிடிவாதம் போய், பசை சத்தமில்லாமல் மணலுக்குள் இறங்கிவிடும். பாதை பிரிகிற பாயிண்ட் இருக்கிற இடத்தில் மட்டும் பசை படவே கூடாது. பட்டால் அந்த நாக்கு ஜென்மத்துக்கும் அசையாது. ஓர் அடிப் பாதைக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “ஓரத்து ஜல்லி, ஷோல்டர் பத்தாது” என்றார்.

செலவு விஷயத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859-ல் மெர்க்லின் குடும்பம் சிறுமிகளின் பொம்மை வீட்டுக்குச் சொப்புச் சாமான் செய்து விற்க ஆரம்பித்தது. இன்று அடுப்பு, நாளை அண்டா என்று வாங்கிக்கொண்டே இருக்கலாம், நல்ல வியாபாரம். பையன்களை எப்படி வளைப்பது? 1891-ல் லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைக் கொண்டுவந்து வைத்தார்கள். தண்டவாளத்துக்கு நிலையான அளவு. இந்த வருஷம் வட்டம், அடுத்த வருஷம் பாயிண்ட், அதற்கடுத்த வருஷம் குகை. வாங்கி முடித்தாயிற்று என்று சொல்ல முடியாத ஒரு பொருளை உலகத்துக்குத் தந்த புண்ணியவான்கள். இந்த வரலாற்றை நான் உருக்கமாக எடுத்துச் சொன்னபோது, கணக்கு டீச்சரான என் மனைவி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். “ஏங்க, எல்லாத்தையும் 87-ஆல வகுக்கிறீங்க. பில்லை மட்டும் ஏன் வகுக்க மாட்டேங்கிறீங்க?” என்றாள்.

வால்ட் டிஸ்னி வீட்டிலும் இதே கதைதான். 1950-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டு வளாகத்திலேயே, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி, எட்டில் ஒரு பங்கு அளவில் நிஜ நீராவி ரயில் விட்டார் மனிதர். பாதை மனைவி லில்லியனின் பூந்தோட்டத்தில் குறுக்கிட்டது. டிஸ்னி இன்ஜினுக்கு லில்லி பெல் என்று மனைவி பெயரை வைத்தார். பூப்பாத்திக்கு அடியில் சுரங்கம் தோண்டினார். போதாதென்று வக்கீலை வைத்துப் பாதை உரிமைக்கு ஒப்பந்தம் எழுதி, வீட்டாரிடம் கையெழுத்தும் வாங்கினார். மிக்கி மவுஸைவிட இந்த ஒப்பந்தம்தான் அவருடைய பெரிய சாதனை என்பது என் அபிப்பிராயம். நான் முதல் உத்தியை மட்டும் முயன்றேன். என் மனைவியிடம், இன்ஜினுக்கு உன் பெயர் வைக்கிறேன் என்றதும், “டீசலா, எலெக்ட்ரிக்கா?” என்று கேட்டாள். டீசல் என்றேன். “வேண்டாம், புகை” என்று போய்விட்டாள். ஆனாலும் டிகாஷன் இறக்கிய காப்பிச் சக்கையைக் காயவைத்துத் தருவது அவள்தான். ரயிலடிச் செம்மண்ணுக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது. எங்கள் ஸ்டேஷனில் மட்டும் தண்டவாளத்தில் காப்பி மணக்கும்.

பயணிகள் எல்லாம் ஜெர்மானியர்கள். இரண்டு சென்டிமீட்டர் உயரம், கம்பளிக் கோட்டு, கையில் பனிச்சறுக்குக் கட்டை. மே மாதத் திருச்சியில் அவர்களைப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். கோட்டை பிளேடால் செதுக்கிச் சட்டையாக்குவது பெரும்பாடு. அதைவிட, நீச்சலுடையில் நிற்கிற செட்டை வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்து இடுப்பில் சுற்றினால் வேட்டி. தோளில் ஒரு கீற்று போட்டால் துண்டு. சேலைக்கு இடுக்கி வேண்டும். முந்தானை காய்வதற்குள் நழுவும். அப்படிக் கட்டிவிட்டு நிறுத்திய ஒரு கல்யாண கோஷ்டியை, யாரோ ஃபேனை மூன்றில் வைத்து, மூன்றாம் பிளாட்பாரத்திலிருந்து முதல் பிளாட்பாரத்துக்கு நொடியில் அனுப்பிவிட்டார்கள். ராத்திரியில் பல்லி வரும். நாலு அங்குலப் பல்லி, என் ரயில்வேயில் ஒன்பது மீட்டர். அது சிக்னல் அருகே படுத்திருந்தால் எந்த ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் கொடுப்பார்?

கரண்ட் போனால் எங்களிடம் நீராவி இன்ஜினும் நின்றுவிடும். கரண்ட் இருந்தாலும் நிற்கும். 12 வோல்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்கு ஏற வேண்டும். திருச்சிப் புழுதி நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது விரலால் லேசாக ஒரு தள்ளு. நீராவி இன்ஜின்களைச் சக்கரக் கணக்கால் 0-6-0, 2-8-2 என்று வகைப்படுத்துவார்கள். இப்படித் தள்ளுகிற கைக்கு மாடல்காரர்கள் வைத்த வகை 0-5-0. என் ரயில்வேயில் அதிக கிலோமீட்டர் ஓடியது அதுதான். ஹாம்பர்க் நகரில் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-ல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற மாடல் ரயில் காட்சிக்கூடம் உலகப் பிரசித்தம். அங்கே எல்லாம் கம்ப்யூட்டர், பொழுது விடிவதும் அடைவதும்கூட. எனக்கு என்னவோ அது ஒட்டவில்லை. வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வண்டியாவது காரணமில்லாமல் அவுட்டரில் நிற்க வேண்டாமா?

சமீபத்தில் பழைய ஐரோப்பியப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதை நீல ஐசிஎஃப் பெட்டியாக மாற்றுவதென்று இறங்கினேன். இதில் சரித்திர நியாயமும் உண்டு: 1955-ல் பெரம்பூரில் தொடங்கிய ஐசிஎஃப் தொழிற்சாலையின் பெட்டிக்கு மூல வடிவமே சுவிட்சர்லாந்திலிருந்து வந்ததுதான். ஜன்னல்களை அரம் போட்டுத் திருத்தி, செப்புக் கம்பியை வெட்டிக் குறுக்கே ஒட்டி, கூரையில் வென்டிலேட்டர் வைத்து, இரண்டு நீலமும் அடித்தேன். முனைச் சுவரில் பணிமனை எழுத்துகளையும் தேதிகளையும்கூட, நிஜப் பெட்டியின் போட்டோவைப் பார்த்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எழுத்தில் அச்சடித்து ஒட்டினேன்.

அண்ணன் வந்தார். வண்டி ஒரு சுற்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“ரிட்டர்ன் டேட் தாண்டிருச்சே தம்பி.”

“எதுக்குண்ணே?”

“இந்தப் பெட்டிக்குத்தான். பி.ஓ.எச். ஓவர்ஹாலுக்குப் பணிமனைக்கு வந்திருக்கணும். இதுல போய் ஆளை ஏத்திருக்கியே?”

“போட்டோல இருந்த தேதிண்ணே அது.”

“போட்டோ எடுத்த அன்னிக்கு ஓடலாம். இன்னிக்கு ஓடக்கூடாது. சிக் போடு.”

குறுகிப்போன பாதையைப் பற்றியோ நாற்பது மீட்டர் வளைவைப் பற்றியோ இதுநாள்வரை வாயே திறக்காத மனுஷன், தேதிக்காக வண்டியை நிறுத்திவிட்டார். பெட்டியைத் தானே கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“சிக் லைன் எங்க?” பழுதுப் பெட்டிகளை ஒதுக்கி நிறுத்துகிற பாதையைக் கேட்கிறார்.

“இல்லண்ணே. இடமில்ல.”

“சிக் லைன் இல்லாம ஸ்டேஷன் கட்டிருக்கியா?” சுற்றிலும் பார்த்தார். பார்வை சுவரோரமிருந்த இரும்பு பீரோவில் போய் நின்றது. என் மனைவியின் பட்டுப்புடவைகள் இருக்கிற பீரோ. எழுந்துபோய்ச் சாண் போட்டு அளந்தார். “இதை ரெண்டடி தள்ளினா ரெண்டு லைனே போடலாம்.”

“அதை மட்டும் கீழ போய் நீங்களே சொல்லிருங்கண்ணே” என்றேன்.

அண்ணன் படிக்கட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பெட்டியைத் திரும்பவும் தண்டவாளத்தில் வைத்தார்.

“தேதியை வேணா மாத்தி ஒட்டிரு.”