ஏழு நாடும் ஒரு சுருக்குப்பையும்

ஐரோப்பாவைப் பஸ்ஸில் சுற்றுகிறவருக்குப் பெரிய பணத்தால் தொல்லை இல்லை. ஓட்டல், பஸ், காலை உணவு, ஐஃபெல் கோபுர நுழைவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் சென்னையிலேயே கட்டியாகிவிடும். தொல்லை கொடுப்பது சில்லறை. லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வந்தவர், 50 சென்ட் காசுக்காகப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கையேந்துவது இந்தப் பயணத்தின் அன்றாடக் காட்சி.

முன்காலப் பயணியின் பாடு இன்னும் மோசம். 2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டும் காசும் கைக்கு வரும்வரை, பிரான்சில் ஒரு பிராங்க், பெல்ஜியத்தில் வேறொரு பிராங்க், நெதர்லாந்தில் கில்டர், ஜெர்மனியில் மார்க், ஆஸ்திரியாவில் ஷில்லிங், இத்தாலியில் லிரா. எல்லை தாண்டும்போதெல்லாம் பர்ஸைக் கவிழ்க்க வேண்டும். இத்தாலியில் நுழைந்த எவரும் அன்றே லட்சாதிபதி; யூரோவுக்கு மாறியபோது ஒரு யூரோ 1,936.27 லிராவுக்குச் சமம். அந்த நாட்டிலும் 1970களில் சில்லறைப் பஞ்சம் வந்தது. கடைக்காரர்கள் பாக்கிக்கு மிட்டாயும் டெலிபோன் டோக்கனும் கொடுத்தார்கள். வங்கிகள் குட்டிக் காசோலைகளை அச்சடித்தன. பாக்கிக்கு மிட்டாய் என்பது நம்மூர் மளிகைக் கடையின் கண்டுபிடிப்பு என்று நம்பியிருந்தவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

யூரோ வந்த பிறகும் லண்டனில் தொடங்கி ரோமில் முடியும் வழக்கமான பாதைக்கு மூன்று நாணயம் தேவை. பிரிட்டனுக்குப் பவுண்டு, சுவிட்சர்லாந்துக்கும் குட்டி நாடான லீக்டென்ஸ்டைனுக்கும் சுவிஸ் பிராங்க், மற்ற இடங்களுக்கு யூரோ. கிழக்கே திரும்பினால் செக் கொருனாவும் ஹங்கேரியின் ஃபோரின்ட்டும் சேர்ந்துகொள்ளும்.

பவுண்டு பெரும்பாலும் பெரியப்பா வழியாக வருகிறது. எப்போதோ லண்டன் போய்வந்த அவர், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் காப்பாற்றி வைத்திருந்த 20 பவுண்டு நோட்டை, “வச்சுக்கோ, டீ செலவுக்கு ஆகும்” என்று கையில் திணிப்பார். அது காகித நோட்டு. 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது. இப்போது நடப்பது பிளாஸ்டிக் நோட்டு. பழையதைப் பாங்க் ஆஃப் இங்கிலாந்து எந்தக் காலத்திலும் மாற்றித் தரும். பஸ்தான் அங்கே நிற்காது.

அடுத்தது பணம் மாற்றும் கடை. “கமிஷன் இல்லை” என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தால் லாபத்தை மாற்று விகிதத்துக்குள் ஒளித்திருக்கிறார்கள் என்று பொருள். கமிஷன் உண்டென்றால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பிராகா நகரில் இந்தக் கடைகளிடம் ஏமாந்தவர்கள் பெருகிப்போய், 2019-ல் செக் அரசு சட்டமே கொண்டுவந்தது. 1,000 யூரோ வரை மாற்றியவர், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் பயணி வானியல் கடிகாரத்துக்கு முன் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

கார்டு தேய்த்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: யூரோவிலா, ரூபாயிலா? அந்நிய மண்ணில் ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் உருகி, பலர் அதையே அமுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் பக்கமே தீர்மானிக்கும். பாசத்துக்கும் சேர்த்துப் பில் வரும். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தை அமுக்குவதே சரி.

பயணிகளைப் பீடிக்கும் இன்னொரு தொந்தரவு பெருக்கல் நோய். யூரோவுக்கு நூறு ரூபாய் என்பது மனக்கணக்குக்குச் சௌகரியமாக இருப்பதால் நோய் சீக்கிரம் பற்றுகிறது. மூன்று யூரோ தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, “முந்நூறு ரூபாய்க்குத் தண்ணியா?” என்று அலறுவது முதல் அறிகுறி. நாலாம் நாள் பெருக்கலை விட்டவர் பிழைத்துக்கொள்கிறார். விடாதவர் ஊர் திரும்பும்வரை தாகத்தோடு இருக்கிறார். இத்தனைக்கும் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ரோமில் ‘நசோனி’, அதாவது பெரிய மூக்கு என்று பெயர் பெற்ற தெருக் குழாய்கள் 1874 முதல் இலவசமாகக் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

குடிப்பது இலவசம், அதன் விளைவுக்குத்தான் கட்டணம். ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டிய டிரைவர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். அதனால் பஸ் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நிற்கும். நின்றதும் நாற்பது பேர் ஒரே திசையில் ஓடுவார்கள். அங்கே சுழல்கதவு, பக்கத்தில் காசு போடும் துவாரம். முதலில் ஓடிவந்தவர் கையில் 50 யூரோ நோட்டு. பின்னால் வரிசை, வரிசையில் அவருடைய மாமியார். மாமியாரின் இடுப்புச் சுருக்குப்பையில் மூன்று நாடுகளில் சேர்ந்த சில்லறை குலுங்குகிறது. அந்த நேரத்தில் குடும்பத்தில் யார் பெரியவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. ஜெர்மன் ஓய்விடங்கள் பலவற்றில் கட்டணத்துக்கு ஈடாக ஒரு சீட்டு தருவார்கள். அங்குள்ள கடையில் ஏதாவது வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். ஒரு யூரோ சீட்டை வீணாக்க மனமில்லாமல் நாலு யூரோவுக்குக் காபி குடிப்பவர், அடுத்த நிறுத்தத்துக்கும் இப்போதே அச்சாரம் போட்டுவிடுகிறார்.

இந்த வசூலுக்கு வயது இரண்டாயிரம் ஆகப்போகிறது. ரோமப் பேரரசர் வெஸ்பாசியன், பொதுக் கழிப்பிடங்களிலிருந்து துணி வெளுக்க எடுத்துச் செல்லப்பட்ட சிறுநீருக்கு வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, வசூலான காசை அவன் மூக்கருகே நீட்டி, நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டாராம்.

சுவிட்சர்லாந்தில் பல கடைகள் யூரோவை வாங்கிக்கொள்ளும். பாக்கியைப் பிராங்கில் தரும். இப்படித்தான் பிராங்க் காசு வேண்டாதவர் பையிலும் சேர்கிறது. அவற்றில் அரை பிராங்க் காசு பத்து ராப்பன் (பிராங்கின் சில்லறை) காசைவிடச் சிறியது. மதிப்போ ஐந்து மடங்கு. உருவத்தைப் பார்த்து எடை போட்டுப் பழகியவர்கள் இங்கே நஷ்டப்படுவார்கள்.

கடைசி நாள் டிரைவருக்கு டிப்ஸ் உறை சுற்றி வரும். நாளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று டூர் மேனேஜர் முதலிலேயே சொல்லியிருப்பார். பை அடியில் தேங்கிய செம்பு நிறச் சென்ட்களை அதில் தள்ளிவிடும் யோசனை எல்லோருக்கும் வரும்; செய்வது அழகல்ல.

பணம் மாற்றும் கடைகள் பொதுவாக நோட்டைத்தான் வாங்கும், காசைத் தொடாது. ஆகவே ஒவ்வொரு நாட்டுக் காசையும் எல்லைக்கு முன்பே செலவழித்துவிட வேண்டும். தவறியவருக்கு ரோமின் ட்ரெவி நீரூற்று இருக்கிறது. திரும்பி நின்று, வலக்கையால் இடத்தோளுக்கு மேலே காசை வீசினால் மறுபடி ரோமுக்கு வரலாம் என்பது நம்பிக்கை. ஆண்டுதோறும் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்து, கரித்தாஸ் அறநிறுவனம் வழியே ஏழைகளுக்குப் போகிறது. நம் பயணிகள் ஒரு சென்ட்டிலேயே இந்த வேண்டுதலை முடித்துக்கொள்கிறார்கள்.

பவுண்டையும் பிராங்கையும் வீச யாருக்கும் மனம் வராது. அவை ஊருக்கு வந்து, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பெரியப்பாவின் நோட்டோடு சேர்ந்து, அடுத்து யார் போகிறார்கள் என்று காத்திருக்கும்.