ஓட்டையை அடையுங்கள், பேஸ் வரும்

கேள்வி: கெப்பெட்டிபொல சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றிவரும் பழைய ஆல்டோ என்னுடையது. டிக்கியில் சப்வூஃபர் பெட்டி வைத்தால் கோவா மூட்டைக்கு இடமில்லை. பெட்டி இல்லாமலே பேஸ் கேட்க வழி உண்டா?
— மரக்கறி வியாபாரி, ஹாலிஎல

பதில்: டிக்கி கோவாவுக்கே இருக்கட்டும் அண்ணே. உங்களுக்கு வேண்டிய பேஸ் முன் கதவில் இப்போதே உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. காதுக்கு வருமுன் அழிந்துபோகிறது, அவ்வளவுதான்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கம் இழுக்கிறது. அந்த இரண்டு அலையும் சந்தித்தால் கழித்தல் கணக்குத்தான், மிச்சம் பூச்சியம். கீச்சென்ற சத்தங்களுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். உங்கள் ஆல்டோவின் நீளமே மூன்றரை மீட்டருக்குள்தான். அவ்வளவு நீண்ட அலைக்குக் கதவைச் சுற்றி வருவது ஒரு தூரமா?

அது சுற்றிவரும் வழியைக் கண்ணாலேயே பார்க்கலாம். கதவின் உள் அட்டையைக் கழற்றுங்கள். கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிளிப் உடையும். உள்ளே தகரத்தில் முழங்கை வரை போகிற ஓட்டைகள் இருக்கும். கம்பனி அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கறுப்புப் பசையால் ஒட்டித்தான் அனுப்பியது. பழைய வண்டியென்றால், எப்போதோ கண்ணாடி வைண்டரைத் திருத்தியவர் அதைப் பாதி கிழித்து மீதியைத் தொங்கவிட்டிருப்பார். உங்கள் பேஸ் வெளியேறுவது அங்கேதான்.

கடையில் டேம்பிங் ஷீட் கேளுங்கள். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் அது. பழைய பசையைத் துடைத்து, தகரத்தை நன்றாகக் காயவிட்டு, ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலுள்ள வெளித்தகரத்தில் இரண்டு மூன்று துண்டுகளை அழுத்தி ஒட்டுங்கள். பிறகு உள்தகர ஓட்டைகளை மூடுங்கள். பெரிய ஓட்டைக்கு வெறும் ஷீட் போதாது, அது தானே படபடக்கும். மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை ஸ்க்ரூ போட்டுப் பூட்டி, அதன்மேல் ஷீட்டை ஒட்டுங்கள். மூடுவதற்கு முன் கண்ணாடியை ஏற்றி இறக்கி, லொக்கையும் போட்டுப் பாருங்கள். கடைசியாக ஸ்பீக்கரின் விளிம்புக்கும் கதவுக்கும் இடையில் இடைவெளி தெரியாதபடி ஸ்பஞ்ச் வளையம் ஒன்று. எட்டாம்பிட்டிய வழியாகச் சந்தைக்குப் போகும் அடுத்த பயணத்திலேயே வித்தியாசம் கேட்கும்.

கேள்வி: நானும் கதவை அடைத்தேன் ஐயா. பேஸ் வந்தது. ஆனால் மார்கழி மழைக்குப் பிறகு வண்டி திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் களக் களக் என்று சத்தம்.
— வேன் ஓட்டுநர், பசறை

பதில்: உற்சாகத்தில் கதவின் அடிவிளிம்பு ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள். கண்ணாடி இடுக்கால் இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அவை. ஊவாவில் மழை ஐப்பசி, கார்த்திகையிலிருந்தே கொட்டும். இரண்டு பருவம் இப்படித் தண்ணீர் நின்றால் கதவுத் தகரம் கையோடு வரும். இன்றைக்கே திறந்துவிடுங்கள். ஸ்பீக்கரை எம்.டி.எஃப். பலகை வளையத்தில் பூட்டியிருந்தால் அதையும் பாருங்கள், ஈரத்தில் அது ஊதிப்போகும். வார்னிஷ் பூசிய பிளைவூட், இல்லையென்றால் பிளாஸ்டிக் வளையம் நல்லது.

கேள்வி: புது ஸ்பீக்கர் பூட்டியும் பேஸ் பழையதைவிடக் குறைவு. கடைக்காரர் ‘ஓடி ஓடிப் பழகினால் சரியாகும்’ என்கிறார்.
— கல்லூரி மாணவன், பதுளை

பதில்: தம்பி, ஒரு பக்க ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறியிருக்கும். ஒரு கதவு தள்ளும்போது மற்றக் கதவு இழுக்கிறது, நடுவில் உட்கார்ந்திருக்கும் உனக்கு ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்து வயரை மட்டும் மாற்றிக் கேள். எந்த நிலையில் பேஸ் கூடுகிறதோ அதுதான் சரி. சந்தேகமென்றால் வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் டோர்ச் பேட்டரியை ஸ்பீக்கரில் ஒரு நொடி தொடு. கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். இதற்குப் பழக்கமும் வேண்டாம், காசும் வேண்டாம்.

கேள்வி: என் செட்டின் முகப்பில் 50 வாட் × 4 என்று எழுதியிருக்கிறது. அந்த 200 வாட் எங்கே போகிறது?
— இலிகிதர், ஸ்பிரிங்வெலி

பதில்: அட்டைப்பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. செட்டின் பின்னாலுள்ள ஃபியூஸைப் பாருங்கள். பல செட்களில் 10 அம்பியர். எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் என்று வைத்தாலும் உள்ளே போவதே 144 வாட். அதிலும் ஒரு பகுதி சூடாகிப் போகிறது. உள்ளேயிருக்கும் சிப், 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கரகரப்பில்லாமல் தருவது ஒரு பக்கத்துக்கு 20 வாட் அளவுதான். ஏமாற்றமாக இருக்கிறதா? வேண்டாம். ஒழுங்காக அடைத்த கதவுக்கு அந்த 20 வாட்டே நிறைய வேலை செய்யும்.

கேள்வி: பேஸை முழுதாக ஏற்றினால் ஸ்பீக்கர் கர்ர் என்கிறது. குறைத்தால் உயிரில்லை. என்னதான் செய்ய?
— தனியார் பஸ் நடத்துநர், லுணுகல

பதில்: பேஸை 6 டெசிபல் ஏற்றினால் செட்டிடம் நான்கு மடங்கு சக்தி கேட்கிறீர்கள், 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. இல்லாததை எங்கிருந்து கொடுக்கும்? கர்ர் என்பது அது கையை விரிக்கும் சத்தம். ஆகவே ஈக்குவலைசரை முதலில் எல்லாம் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏற்றுவதற்குப் பதிலாக, கூடுதலாக இருப்பதை இறக்குங்கள். குரல் மூக்கால் பாடுவதுபோல் கேட்டால் 500 முதல் 1,000 ஹேர்ட்ஸ் பகுதியில் 2, 3 டெசிபல் குறையுங்கள். காதைக் குத்தினால் 3,000ஐ ஒட்டி இறக்குங்கள். பேஸ் தானாக மேலே வந்து நிற்கும்.

செட்டில் எச்.பி.எஃப். என்ற, ஆகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடும் அமைப்பு இருந்தால், ஆறரை அங்குல முன் ஸ்பீக்கருக்கு 50, 60 ஹேர்ட்ஸில் வையுங்கள். அந்த அளவு ஸ்பீக்கர் அதற்குக் கீழே உருப்படியாக எதையும் தராது. கூம்பு வீணாக ஆடிக் களைத்துப்போகும். பின்னாலுள்ள சின்ன ஸ்பீக்கர்களுக்கு 100. இந்த அமைப்பைச் சப்வூஃபர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சப் இல்லாதவருக்குத்தான் அது கூடுதல் உதவி.

கேள்வி: ஹாலிஎலயில் நன்றாகக் கேட்கும் பேஸ், தெமோதரை தாண்டிப் பண்டாரவளைக்கு ஏறும்போது காணாமல் போகிறது. மலைக்காற்று மெல்லியது என்பதாலா?
— ஆசிரியை, ஹாலிஎல

பதில்: நல்ல கேள்வி டீச்சர். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு 500 மீட்டர் போலத்தான் ஏறுகிறோம். காற்றின் அடர்த்தி 5 வீதமளவு குறையும், காதுக்கு அது தெரியாது. உண்மையில் பேஸைத் தின்பவை இரண்டு. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் உறுமும் எஞ்சினின் சத்தமும் டயரின் இரைச்சலும் பேஸ் இருக்கும் அதே தாழ்ந்த பகுதியில்தான் விழுகின்றன. ஒன்று மற்றதை மூடிவிடுகிறது. அடுத்தது, குளிர்காற்று சுகமாக இருக்கிறதென்று கண்ணாடியை இறக்கிவிடுவீர்கள். மூடிய சின்னக் கார் தன் உள்வெளியாலேயே ஏறக்குறைய 60, 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே பேஸை உயர்த்திக்கொடுக்கும். கண்ணாடி இறங்கியதும் அந்தச் சலுகை போய்விடும். தெமோதரையில் காற்றை வாங்கிக்கொண்டு, பாட்டுக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: கதவே இல்லாத ஆட்டோவுக்கு?
— ஹாலிஎல ஸ்டாண்ட்

பதில்: கதவு இல்லாவிட்டால் பெட்டிதான் கதவு. ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டை, காற்றுப் போகாமல் ஒட்டிய பிளைவூட் பெட்டிக்குள் பூட்டி, பின் சீட்டுக்குப் பின்னால் மூலையோடு அணைத்து வையுங்கள். பக்கச் சுவர்கள் ஒலியை உங்கள் பக்கம் திருப்பும். எஞ்சின் அங்கேதான் இருப்பதால் சூடும் அதிர்வும் ஏறாமல் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் போடுங்கள். வெறும் கூரைத் துணிக்குக் கீழே ஸ்பீக்கரைத் திறந்தபடி தொங்கவிட்டிருப்பவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள், அங்கே பேஸுக்கு வழியே இல்லை.

கேள்வி: எந்தப் பாட்டைப் போட்டுச் சரிபார்ப்பது?
— வாசகி, பதுளை

பதில்: உங்களுக்கு மனப்பாடமான பாட்டை. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி ராகமாகவே ஓடும். ஒவ்வொரு சுரமும் ஒரே அளவு கேட்கிறதா, ஏதாவது ஒன்று மட்டும் கதவை அதிரவைக்கிறதா என்று கவனியுங்கள். அதிர்ந்தால் அட்டையின் கிளிப்பைத் தேடுங்கள். பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த கம்பி 41 ஹேர்ட்ஸ். கதவு ஸ்பீக்கர் அதைச் சரியாகத் தராது. ஆனாலும் அதன் இரட்டிப்பான 82, அடுத்த 123 தெளிவாகக் கேட்டால் நம் மூளை விட்டுப்போன 41ஐத் தானே நிரப்பிக்கொள்ளும். காமன்கூத்தில் அடிக்கும் தப்பின் அடி இன்னும் மேலே இருப்பது. அது மழுங்கிக் கேட்டால் இன்னும் ஓட்டை மிச்சம் இருக்கிறது. வட்ஸ்அப்பில் கைமாறி வந்த ஃபைலை மட்டும் இதற்குப் போடாதீர்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்குமேல் லயத்துக்குள் வண்டி வரும்போது சத்தத்தைக் குறைக்கிறேன். பேஸ் அடியோடு போய்விடுகிறதே.
— டிரைவர், தெமோதரை தோட்டம்

பதில்: குறைப்பதற்கு முதலில் நன்றி. மறுநாள் காலை கொழுந்துக்குப் போகிறவர்கள் அந்தச் சுவருக்குப் பின்னால் தூங்குகிறார்கள். பேஸ் போவது உங்கள் காதின் இயல்பு: சத்தம் குறையும்போது மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைத்தான் அதிகம் இழக்கிறது. பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அதை அளந்து காட்டினார்கள். செட்டிலுள்ள லௌட்னெஸ் பொத்தான் அதற்காகவே; மெதுவாகக் கேட்கும்போது போடுங்கள், சத்தம் ஏற்றும்போது எடுத்துவிடுங்கள். ஆனால் லயத்துக்குள் அதையும் போடாதீர்கள். கண்ணாடி மூடியிருந்தாலும் சுவரைத் தாண்டிப்போவது பேஸ்தான்.

கேள்வி: கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறேன். முதலில் எதை வாங்க?
— வாசகர், எட்டாம்பிட்டிய

பதில்: முதலில் ஷீட். அடுத்தது முன் கதவுக்கு நல்ல ஸ்பீக்கர். அட்டையில் வாட்டைப் பார்க்காமல் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். அதில் 3 டெசிபல் கூடினால் செட்டின் சக்தி இரட்டிப்பானதற்குச் சமம். அதற்குப் பிறகும் ஆசையிருந்தால் சின்ன நான்கு சானல் அம்ப். அம்ப் பூட்டினால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். ‘பிறகு போடலாம்’ என்று பாஸ் சொன்னால், அம்பையும் பிறகே பூட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி வண்டியை எடுத்துவந்துவிடுங்கள்.