முட்டுக் காப்பியல்: நாஞ்சில் நாட்டு வண்டியோட்டிகளின் இடைக்கீழ் உடுப்பு குறித்த ஆய்வு

தலைக்கு நூல் உண்டு, காலுக்கு இல்லை. இந்த ஆய்வு எழுந்த காரணம் அதுவே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசம் அணியச் சொல்கிறது. அந்தக் கவசம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஐ.எஸ். 4151 என்ற இந்திய நியமம் வகுத்துரைக்கிறது. கழுத்துக்குக் கீழே வந்ததும் சட்டம் வாயை மூடிக்கொள்கிறது. நுணுகித் தேடினால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கண்ணில் படும். பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, மிதிக்கப் படி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை வண்டியில் இருந்தாக வேண்டும் என்கிறது அது. தடுப்பின் நோக்கம், பின்னிருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருப்பது. சாரி கார்டு என்று நாம் சொல்லும் கம்பி வலைக்கு இதுவே மூலம். சக்கரத்திடமிருந்து சேலையைக் காப்பாற்ற யோசித்த சட்டம், சாலையிடமிருந்து முழங்கால் முட்டைக் காப்பாற்ற யோசிக்கவில்லை. தலையில் கவசமும் இடையில் கோவணமுமாக ஒருவர் நாகர்கோவில் வடசேரியைக் கடந்தால் 129ஆம் பிரிவின்படி அவர் உத்தமர். (வேறு சட்டங்கள் இருக்கலாம், அவை இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே.)

ஆய்வுக்களம் கன்னியாகுமரி மாவட்டம்: கிழக்கே ஆரல்வாய்மொழி, மேற்கே களியக்காவிளை, வடக்கே மலை, தெற்கே கடல். இந்தக் களத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஸ்ரீநகரில் புறப்படும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் வந்து முடிகிறது. அதனால், நாட்டின் அந்தக் கோடியிலிருந்து வண்டியோட்டி வருபவர்கள் ஆண்டு முழுக்க இங்கே வந்து இறங்குகிறார்கள். தோள், முழங்கை, இடுப்பு, முட்டு என்று எல்லா இடத்திலும் கவசம்; பூட்ஸ் கெண்டைக்கால் வரை. அவர்கள் கடலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, சாரத்தை, அதாவது லுங்கியை, முட்டுக்கு மேல் தூக்கிக் கட்டிய உள்ளூர்க்காரர் ஒருவர், காலுக்கு நடுவில் கேஸ் சிலிண்டரை நிறுத்தி வைத்த ஸ்கூட்டரில் அவர்களைக் கடந்து போவார். சாலை ஒன்று, தார் ஒன்று, மனிதத் தோலும் ஒன்றுதான். உடுப்புக் கொள்கை மட்டும் இப்படி இரண்டாகப் பிரிந்தது எங்ஙனம் என்பதே வினா.

சைவ சாத்திர முறைப்படி முதலில் பரபக்கம். அதாவது பிறர் மதங்களை எடுத்துச் சொல்லி மறுப்பது.

வேட்டி மதத்தார் சொல்வது: எட்டு முழ வேட்டி இரண்டாக மடிந்தே உடம்பைச் சுற்றுகிறது, மடித்துக் கட்டும்போது தொடைமேல் நான்கு அடுக்கு, எனவே எந்தப் பேன்ட்டை விடவும் வேட்டியில் துணி அதிகம். அடுக்குக் கணக்கு சரி, இடக்கணக்குத் தப்பு. விழுகிறவர் தொடையில் விழுவதில்லை. முட்டிலும் இடுப்பெலும்பிலும்தான் விழுகிறார். மடித்துக் கட்டிய வேட்டியில் முட்டுக்கு வந்து சேரும் அடுக்கு சுழியம். அடுத்து, காற்று. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலை இறக்கையையே சுழற்றும் காற்று, வேட்டித் தும்பைச் சும்மா விடுமா? அதனால் வேட்டிக்காரர் தும்பைத் தொடைக்கடியில் செருகி, முட்டு இரண்டாலும் பெட்ரோல் டேங்கை இறுகக் கவ்விக்கொள்கிறார். வண்டியோட்டப் பயிற்சி தருபவர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் உட்காரும் முறை இதேதான். மானம் கருதிச் செய்வது பாதுகாப்பாகவும் அமைந்துவிடுகிறது என்ற அளவில் இந்த மதத்துக்கு அரை மதிப்பெண் வழங்கலாம்.

இங்கே ஒரு விலகல் தவிர்க்க முடியாதது. முட்டுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது என்று சாதி பார்த்து விதித்த ஊர் இது. தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்டுப் பல பத்தாண்டுகள் போராடி, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னரிடமிருந்து ஓர் அறிவிப்பை, அதுவும் நிபந்தனையோடு, வாங்கிய மண். அந்த வரலாறு தெரிந்தவருக்கு, ஒருவர் தன் வேட்டியை முட்டுக்கு மேல் தூக்கிக் கட்டுவதும், எதிரில் வருபவரைப் பார்த்து இறக்கிவிடுவதும், இறக்க மறுப்பதும் வெறும் காற்றோட்ட விஷயமாகத் தெரியாது. இந்த மாவட்டத்தில் துணி என்பது முதலில் அந்தஸ்து, பிறகுதான் நூல். பின்னால் வரும் முடிவுகளுக்கு இது தேவைப்படும்.

சார மதத்தாருக்கு ஒரே பிரமாணம்: "இந்தா, பக்கத்துல." புரோட்டா வாங்க, மோட்டார் போட, சாவி கொடுக்க என்று எல்லாப் பயணமும் பக்கத்தில்தான். மறுப்பு எளிது. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து விரிக்கும் மணலும், கேரளத்துக்குக் கல்லும் மண்ணும் ஏற்றிப் போகும் லாரிகள் வளைவில் உதிர்த்துவிட்டுப் போகும் சல்லியும், குலசேகரம், அருமனைப் பக்கத்தில் ரப்பர் இலை உதிர்ந்து நனைந்து கிடக்கும் இறக்கமும் தூரத்தில் இல்லை, பக்கத்தில்தான் இருக்கின்றன.

ஜீன்ஸ் மதத்தாரே வலுவான எதிரிகள். "கட்டித் துணி, தேயாது, கிழியாது" என்பது அவர்கள் வாதம். இதன் வேரைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ரீனோ ஊரில் தையல்காரர் ஜேக்கப் டேவிஸிடம் விறகுவெட்டி ஒருவரின் மனைவி, கணவனுக்குக் கிழியாத பேன்ட் கேட்டாள். டேவிஸ் பை ஓரங்களில் செப்பு ஆணி அடித்துக் கொடுத்தார். துணி விற்ற லீவை ஸ்ட்ராஸும் அவரும் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். காப்புரிமை பெற்ற சிறப்பு பையைப் பற்றியது. ஜீன்ஸின் புகழ் முழுக்கப் பை கிழியாத புகழ். அதில் ஆணி இருக்கும் இடம் எதிலும் மனிதன் விழுவதில்லை.

நம் ஊருக்கு ஜீன்ஸ் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டி. இன்னொன்று, 1995இல் அரவிந்த் மில்ஸ் கொண்டுவந்த ரஃப் அண்ட் டஃப். தைக்காத துணி, ஜிப், பொத்தான், ஆணி, முத்திரைத் துண்டு எல்லாம் ஒரே பொட்டலத்தில் 195 ரூபாய்க்கு. பொட்டலத்தைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தையல்கடையில் கொடுத்தால் ஜீன்ஸ். நாட்டில் கிராமம் தோறும் நீலம் பரவியது அதன் பிறகுதான். அன்றைய துணி பலகை மாதிரி நின்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது பருத்தி. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் விழுந்தால், உராய்வுக் கெழு 0.6 என்று வைத்துக் கணக்கிட, ஏறக்குறைய 24 மீட்டர் தூரமும் மூன்று நொடிக்குச் சற்றுக் குறைந்த நேரமும் சறுக்குவார். சாதாரண டெனிம் தேய்ப்புச் சோதனையில் ஒரு நொடி தாங்கினாலே பெரிது. மிச்ச நேரத்துக்குச் சாலையோடு பேசுவது தோல். இன்று விற்கும் இழுபடு ஜீன்ஸ் இன்னும் மெல்லிசு. கடையிலேயே முட்டில் கிழித்து விற்பது பற்றி என்ன சொல்ல? விழுந்த பிறகு ஆக வேண்டிய கோலத்தை முன்கூட்டியே கூலி கொடுத்துச் செய்துகொள்வது என்று மட்டும் குறித்துவைக்கிறேன்.

பரபக்கம் முற்றிற்று. இனிச் சுபக்கம், அதாவது நம் பக்கம்.

வண்டியோட்டுவதற்கென்றே செய்த ஜீன்ஸ் என்பது பார்வைக்கு ஜீன்ஸ், உள்ளே வேறு. டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வோலெக், டயருக்குள் வைக்க இலகுவான உறுதியான இழை தேடும் வேலையில் இருந்தபோது 1965இல் கண்டடைந்தது கெவ்லார். டயருக்காகத் தேடிய நூல் டயரில் உட்காருபவரின் காலுக்கு வந்து சேர முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு வகையில் இந்த அராமிட் இழை தனி அடுக்காக உள்ளே தைக்கப்பட்டிருக்கும். இன்னொரு வகையில் பருத்தியோடு சேர்த்து ஒரே துணியாக நெய்யப்பட்டிருக்கும். நம் ஈரப்பதத்தில் இரண்டடுக்கு போட்டு மார்த்தாண்டம் நெரிசலில் நின்றால் இரண்டு கால்களும் தனித்தனியாக வேர்த்து ஊற்றும். எனவே ஒரே அடுக்கு நல்லது, விலை கூடினாலும். இழையில் பாலிஎதிலீன் வகையும் உண்டு. வலுவில் குறைவில்லை, ஆனால் 150 டிகிரி செல்சியசை ஒட்டி உருகிவிடும். அராமிட் உருகாது. வலது கெண்டையில் சைலன்சர் சுட்ட தழும்பு இல்லாத வண்டிக்காரரை இந்த மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்கலாம்.

ஐரோப்பாவின் ஈ.என். 17092 என்ற நியமம் வண்டியோட்டும் உடுப்புகளை ஏஏஏ, ஏஏ, ஏ என்றும், அதற்குக் கீழே பி, சி என்றும் தரம் பிரிக்கிறது. துணித் துண்டைச் சுழலும் கையில் மாட்டி, வேகமெடுத்ததும் கான்கிரீட் பலகைமேல் போட்டு, நிற்கும் வரை தேயவிட்டு, ஓட்டை விழுந்ததா என்று பார்க்கிறார்கள். முட்டும் இடுப்பும் முதல் மண்டலம். அந்த மண்டலத்துக்கு ஏஏஏ கேட்பது மணிக்கு 120 கிலோமீட்டர், ஏஏ கேட்பது 70, ஏ கேட்பது 45. பார்வதிபுரம் பாலத்துக்கு ஏஏ போதும். பள்ளி விடும் நேரத்துச் செட்டிகுளம் சந்திப்புக்கு ஏ தரமே அதிகம்.

தேய்வு வேறு, இடி வேறு. இடியைத் தாங்க முட்டிலும் இடுப்பிலும் மெத்தைக் கவசம் இருக்க வேண்டும். அதற்கு ஈ.என். 1621-1, அதில் இரண்டாம் நிலை முதல் நிலையை விட மேல். வாங்குகிறவர் செய்யும் பிழை, கண்ணாடி முன் நின்று பார்ப்பது. நின்றால் முட்டில் இருக்கும் கவசம், காலை மடக்கி உட்கார்ந்ததும் இடம் மாறித் தொடைக்கு வரும். கடையில் ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி, இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, கையை முன்னே நீட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பேன்ட்டின் நீளமும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதே. நிற்கும்போது செருப்பை மறைப்பது, வண்டியில் கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும். விலை என்று கேட்டால் சாதாரண நல்ல ஜீன்ஸ் மூன்று நான்கு வாங்கும் காசு.

கூரியரில் வந்த ஒன்றை அடி வெட்டக் கோட்டாறு தையல்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். முட்டுப் பகுதியைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன முட்டுக்குள்ள செரட்டைய வச்சுத் தச்சிருக்காவ?"

"விழுந்தா முட்டு ஒடயாம இருக்கதுக்கு, அண்ணாச்சி."

"அப்போ விழுகதுக்குண்ணே துணி எடுத்திருக்கு?"

ஆய்வின் மையம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. துணி எடுப்பது இங்கே நல்ல காரியம். கல்யாணத்துக்கு எடுப்போம், கிறிஸ்துமஸுக்கு எடுப்போம், ஓணத்துக்கும் கோயில் கொடைக்கும் எடுப்போம். விழுவதற்கு எடுப்பது அபசகுனம். பயணம் கிளம்புகிறவரிடம் "எங்க போறிய?" என்றே கேட்கக் கூடாது என்று நினைக்கும் சமூகத்தில், "விழுந்தால்" என்று முட்டில் தைத்துப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கலாமா? மேலும், துணி முதலில் அந்தஸ்து என்பதால் இங்கே யாரும் வழிக்காக உடுப்பதில்லை. போய்ச் சேரும் இடத்துக்காக உடுக்கிறோம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு வேட்டி கட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், நாகர்கோவிலிலிருந்தே வேட்டியோடு பைக்கில் போகிறவர் உண்டு. தாலிகட்டுக்குப் பட்டு வேட்டி, துஷ்டிக்கு வெள்ளை வேட்டி, ரப்பர் பால்வெட்டுக்குக் கறை பிடித்த பழைய கால்சட்டை. இடையில் இருக்கும் முப்பது கிலோமீட்டருக்கு என்று ஓர் உடுப்பு நம் அலமாரியில் கிடையாது. ஸ்ரீநகரிலிருந்து வருகிறவருக்குச் சாலைதான் போய்ச் சேரும் இடம். அதனால் அவர் சாலைக்கு உடுக்கிறார். சிலிண்டர் அண்ணாச்சிக்குப் போய்ச் சேரும் இடம் அடுக்களை.

ஆகவே நாஞ்சில் நாட்டுக்கு உகந்தது, காப்பது வெளியே தெரியாத ஜீன்ஸ். வழியில் விழுந்தால் வழிக்கு ஆகும். விழாமல் போய்ச் சேர்ந்தால் மாமனார் வீட்டுத் திண்ணைக்கும் ஆகும். கவசத்தைப் பைக்குள்ளிருந்து உருவி எடுக்கும்படியாக இருந்தால் இன்னும் நன்று. பந்தியில் சம்மணம் போட்டு உட்கார அது இடம் கொடுக்காது.

இனிப் புறனடை, துவைத்தல். அராமிட் இழைக்கு இரண்டு பகை: பிளீச்சிங் பவுடர், வெயில். புற ஊதாக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் இழை வலுவிழக்கும். நம் வீடுகளிலோ ஜீன்ஸைச் சாயம் போகாமலிருக்க உள்புறம் வெளியே திருப்பி, நல்ல வெயில் பார்த்து மாடியில் விரிப்பது வழக்கம். அதாவது நீலத்தைக் காப்பாற்றி, முட்டைக் காப்பாற்ற வேண்டிய இழையைச் சூரியனுக்குக் காட்டுகிறோம். திருப்பாமல் நிழலில் போட வேண்டும் என்று வீட்டில் விளக்கிச் சொன்னேன். டயர், கெவ்லார், கான்கிரீட் பலகை, ஏஏ தரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மை ஒரு கடா விடுத்தாள்.

"வெயிலையே தாங்காத துணி ரோட்டை எப்பிடி மக்கா தாங்கும்?"

நியமத்தில் இதற்கு விடை இல்லை. ஜீன்ஸ் மாடியில்தான் காய்கிறது.